குடை எல்லாம் நாற்காலி. நாற்காலி எல்லாம் ரொட்டி! - வேலைப் பரீட்சையில் வட்டம் போட்டு விடை காணும் வழி

எல்லாக் குடைகளும் நாற்காலிகள்.
எல்லா நாற்காலிகளும் ரொட்டிகள்.
அப்படியானால், எல்லாக் குடைகளும் ரொட்டிகளா?

இதைப் படித்ததும் சிலருக்குச் சிரிப்பு வரும். சிலருக்குக் கோபம் வரும். "குடை எங்கே, ரொட்டி எங்கே! இதைக் கேட்டா ஒருவனுக்கு உத்தியோகம் கொடுக்கிறார்கள்?" என்று தோன்றும்.

கேட்கத்தான் செய்கிறார்கள். வங்கிக் குமாஸ்தா வேலையானாலும், வங்கி அதிகாரி வேலையானாலும், மத்திய அரசு அலுவலகமானாலும், ரயில்வேயானாலும் பரீட்சையில் பகுத்தறியும் திறன் என்று ஒரு பகுதி உண்டு. அந்தப் பகுதியில் இப்படிப்பட்ட கேள்விகள் அடிக்கடி இடம் பெறுகின்றன. இரண்டு அல்லது மூன்று வாக்கியங்களைக் கொடுப்பார்கள். கீழே சில முடிவுகளைக் கொடுப்பார்கள். எந்த முடிவு பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்ல வேண்டும். இதற்கு முக்கூற்று வாதம் என்று பெயர். ஆங்கிலத்தில் சில்லாஜிசம் என்பார்கள்.

மும்பையில் பட்டறையிலும் ஓட்டலிலும் கடையிலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பிள்ளை பட்டம் வாங்கிவிடுகிறான். ஆனால் இந்தக் குடை, ரொட்டிக் கேள்வியில் தடுக்கி விழுகிறான். கணக்கில் கெட்டிக்காரனான பிள்ளையும் இதில் தவறுகிறான். காரணம், இது படிப்பைச் சோதிக்கும் கேள்வி அல்ல. பழக்கத்தைச் சோதிக்கும் கேள்வி. பழகிக்கொண்டால் இதைவிடச் சுலபமாக மதிப்பெண் தரும் பகுதி வேறு இல்லை.

34 வினாடி

நாட்டின் பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் பரீட்சையை நடத்துவது வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம். ஐ.பி.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் தலைமை அலுவலகம் மும்பை காந்திவிலியில்தான் இருக்கிறது.

அந்த நிறுவனத்தின் குமாஸ்தா முதல்நிலைப் பரீட்சையில் பகுத்தறியும் திறனுக்கு 35 கேள்விகள். நேரம் 20 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 34 வினாடிதான் கிடைக்கிறது. தவறான விடை எழுதினால், அந்தக் கேள்விக்கு உரிய மதிப்பெண்ணில் கால் பங்கைக் கழித்துவிடுவார்கள். ஆகவே குருட்டாம்போக்கில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவதும் நஷ்டம்.

இந்த 34 வினாடிக்குள் மனதிலேயே வாக்கியங்களை உருட்டிக்கொண்டிருந்தால் தலை சுற்றும். தாளில் இரண்டு வட்டம் போட்டால் வேலை முடிந்தது.

ஏன் ரொட்டியும் குடையும்?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். உலகத்தில் இல்லாத சங்கதிகளை ஏன் கேட்கிறார்கள்?

வேண்டுமென்றேதான். "எல்லா மாம்பழங்களும் பழங்கள்" என்று கொடுத்தால், வாக்கியத்தைப் படிக்காமலேயே உலக அறிவை வைத்து விடை சொல்லிவிடலாம். குடையை ரொட்டி என்று சொன்னால் அந்த அறிவு உதவாது. தாளில் உள்ளதை மட்டுமே நம்ப வேண்டும். நமக்குத் தெரிந்தது, நாம் விரும்புவது, ஊரில் பேசிக்கொள்வது எல்லாவற்றையும் பரீட்சை மண்டபத்தின் வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்.

நான்கே வகை

இந்தக் கலையை முறைப்படுத்தியவர் கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில். கி.மு. 384-ல் பிறந்து கி.மு. 322-ல் மறைந்தவர். அடிப்படை வாக்கியங்கள் நான்கு வகைக்குள் அடங்கும். அவை இவை:

1. எல்லாக் குடைகளும் நாற்காலிகள்.
2. எந்தக் குடையும் நாற்காலி அல்ல.
3. சில குடைகள் நாற்காலிகள்.
4. சில குடைகள் நாற்காலிகள் அல்ல.

இந்த நான்கையும் படமாகப் போடும் வழக்கத்தைப் பிரபலமாக்கியவர் ஆய்லர் என்ற கணித மேதை. சுவிட்சர்லாந்துக்காரர். ஜெர்மானிய இளவரசி ஒருத்திக்குக் கடிதங்கள் மூலமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1768-லிருந்து அந்தக் கடிதங்கள் நூலாக வெளிவந்தன. அவற்றில் வட்டங்களைக் கொண்டு வாதத்தை விளக்கினார். பின்னர் 1880-ல் ஆங்கிலேயரான ஜான் வென் இந்த முறையைத் திருத்தி அமைத்தார். கேம்பிரிட்ஜில் தர்க்கம் போதித்தவர் அவர். 'வென் படம்' என்று இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்வது அவர் பெயரால்தான்.

வட்டம் போடுவது எப்படி?

"எல்லாக் குடைகளும் நாற்காலிகள்" என்றால், குடைக்கு ஒரு சிறு வட்டம். அதைச் சுற்றி நாற்காலிக்கு ஒரு பெரிய வட்டம். டபராவுக்குள் டம்ளர் வைத்த மாதிரி.

"எந்தக் குடையும் நாற்காலி அல்ல" என்றால் இரண்டு வட்டங்கள் தனித் தனியாக, ஒன்றை ஒன்று தொடாமல் இருக்க வேண்டும்.

"சில குடைகள் நாற்காலிகள்" என்றால் இரண்டு வட்டங்களும் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்க வேண்டும். ஏறியிருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அங்கே குறைந்தது ஒன்றாவது இருக்கிறது என்பது அதன் பொருள்.

"சில குடைகள் நாற்காலிகள் அல்ல" என்றால் குடை வட்டத்தில், நாற்காலிக்கு வெளியே உள்ள பகுதியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். குடை வட்டம் நாற்காலி வட்டத்துக்குள். நாற்காலி வட்டம் ரொட்டி வட்டத்துக்குள். ஆகவே குடை முழுவதும் ரொட்டிக்குள் அடங்கிவிட்டது. எல்லாக் குடைகளும் ரொட்டிகள் என்பது சரியான முடிவு.

எல்லா ரொட்டிகளும் குடைகளா? அல்ல. ரொட்டி வட்டத்தில் குடைக்கு வெளியே இடம் இருக்கிறது. சில ரொட்டிகள் குடைகளா? ஆம். குடை வட்டம் உள்ளேதானே இருக்கிறது! இந்தப் பரீட்சைகளில், சொல்லப்பட்ட பொருள் ஒன்றாவது இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் விடை எழுத வேண்டும்.

உடைத்துப் பாருங்கள்

இங்கேதான் முக்கியமான சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் ஒரு முடிவைப் பார்த்ததும், "இது சரியாக இருக்குமா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். அப்படிக் கேட்டால் பல முடிவுகள் சரி போலத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. "இது தவறாக இருக்க வழி உண்டா?" என்று கேட்க வேண்டும்.

கொடுத்த வாக்கியங்களை மீறாமல், அந்த முடிவு பொய்யாகும்படி ஒரே ஒரு படம் போட முடிந்தாலும் போதும். முடிவு தள்ளுபடி. எப்படிப் போட்டாலும் பொய்யாக்க முடியவில்லை என்றால்தான் அது பொருந்தும் முடிவு.

உதாரணம் பாருங்கள்:

சில தச்சர்கள் பாடகர்கள்.
சில பாடகர்கள் தமிழர்கள்.
முடிவு: சில தச்சர்கள் தமிழர்கள்.

சரி போலத்தானே தெரிகிறது? பாடகர் வட்டத்தை நடுவில் போடுங்கள். இடது ஓரத்தில் தச்சர் வட்டம் ஏறட்டும். வலது ஓரத்தில் தமிழர் வட்டம் ஏறட்டும். தச்சரும் தமிழரும் ஒருவரை ஒருவர் தொடவே இல்லை! இரண்டு வாக்கியமும் நிறைவேறிவிட்டது. முடிவு மட்டும் உடைந்துவிட்டது. ஆகவே பொருந்தாது. இரண்டு வாக்கியமும் "சில" என்று தொடங்கினால், அவற்றைச் சேர்த்து உறுதியான முடிவு எதுவும் எடுக்க முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எதிர்மறை வந்தால்?

சில பூக்கள் விளக்குகள்.
எந்த விளக்கும் கல் அல்ல.

விளக்கும் கல்லும் தனித் தனி வட்டம். பூ வட்டத்தின் ஒரு பகுதி விளக்கின்மேல் ஏறி இருக்கிறது. அந்தப் பகுதியில் உள்ள பூ கல்லாக இருக்க முடியாது. ஆகவே "சில பூக்கள் கற்கள் அல்ல" என்பது பொருந்தும்.

ஆனால் "சில கற்கள் பூக்கள் அல்ல" என்று திருப்பிக் கொடுப்பார்கள். அவசரத்தில் இதையும் சரி என்று சொல்லிவிடுவோம். உடைத்துப் பாருங்கள். கல் வட்டம் முழுவதையும், விளக்கைத் தொடாமல், பூ வட்டத்துக்குள்ளேயே வைத்துவிடலாம். அப்போது எல்லாக் கற்களும் பூக்கள் ஆகிவிடுகின்றன. ஆகவே இது பொருந்தாது.

எதைத் திருப்பலாம், எதைத் திருப்பக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. "எந்தக் குடையும் நாற்காலி அல்ல" என்பதைத் திருப்பலாம். "சில குடைகள் நாற்காலிகள்" என்பதையும் திருப்பலாம். "எல்லாக் குடைகளும் நாற்காலிகள்" என்பதைத் திருப்பினால் "சில நாற்காலிகள் குடைகள்" என்று மட்டுமே வரும். "சில குடைகள் நாற்காலிகள் அல்ல" என்பதைத் திருப்பவே கூடாது.

சொல்லில் உள்ள கண்ணி

சில சொற்கள் பேச்சு வழக்கில் ஒரு பொருளையும் பரீட்சையில் வேறொரு பொருளையும் தரும்.

"சில" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். "சில பேர் வந்தார்கள்" என்று வீட்டில் சொன்னால், மற்றவர்கள் வரவில்லை என்று பொருள் கொள்கிறோம். பரீட்சையில் அப்படி அல்ல. "சில" என்றால் குறைந்தது ஒன்று. எல்லாமாகவும் இருக்கலாம்.

"மட்டுமே" என்ற சொல் வாக்கியத்தையே தலைகீழாக்கிவிடும். "நாற்காலிகள் மட்டுமே குடைகள்" என்றால், எல்லாக் குடைகளும் நாற்காலிகள் என்று பொருள். சிறு வட்டம் எது, பெரிய வட்டம் எது என்று நிதானித்துப் போட வேண்டும். வங்கிப் பரீட்சைகளில் "ஒரு சில குடைகள் மட்டுமே நாற்காலிகள்" என்றும் வருகிறது. அதற்கு இரண்டு பொருள் சேர்ந்து உண்டு. சில குடைகள் நாற்காலிகள். சில குடைகள் நாற்காலிகள் அல்ல.

"இருக்கக்கூடும்" என்று முடிவு முடிந்தால் வழி மாறுகிறது. அப்போது உடைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு படத்திலாவது அது நடக்க முடிந்தால் போதும். மேலே சொன்ன தச்சர் கணக்கில், "எல்லாத் தச்சர்களும் தமிழர்களாக இருக்கக்கூடும்" என்று கேட்டால், ஆம் என்பதே விடை.

அதே கணக்கில் "சில தச்சர்கள் தமிழர்கள்", "எந்தத் தச்சரும் தமிழர் அல்ல" என்று இரண்டு முடிவுகளைக் கொடுத்தால் என்ன செய்வது? தனித் தனியாக எதுவும் உறுதி இல்லை. ஆனால் இரண்டில் ஒன்று நடந்தே தீர வேண்டும். "முதலாவது அல்லது இரண்டாவது" என்ற விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழில் பயிற்சி செய்பவர்களுக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை. "எல்லாக் குடைகளும் நாற்காலிகள் அல்ல" என்ற வாக்கியம் இரண்டு விதமாகப் பொருள் தரும். ஒன்றுகூட நாற்காலி அல்ல என்றும் கொள்ளலாம். சில மட்டும் அல்ல என்றும் கொள்ளலாம். பயிற்சிப் புத்தகத்தில் இப்படி இருந்தால், அதன் ஆங்கில மூலத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

வட்டத்துக்கு மொழி இல்லை

வெளிமாநிலத் தமிழர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. வங்கிக் குமாஸ்தா வேலைக்கு, எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிக்கிறோமோ அந்த மாநில மொழியைப் படிக்கவும் எழுதவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். மகாராஷ்டிரத்துக்கு விண்ணப்பித்தால் மராத்தி வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், வேலைக்கு மராத்தி என்று நான்கு மொழிகளுக்கு நடுவே பிள்ளை நிற்கிறான்.

இந்தப் பகுதியில் அந்தக் கஷ்டம் குறைவு. நான்கு வாக்கிய வகைகளையும் அடையாளம் காட்டும் சொற்கள் மூன்றே மூன்றுதான். ஆங்கிலத்தில் ஆல், நோ, சம். இந்தியில் சபீ, கோயீ நஹீ, குச். மராத்தியில் சர்வ, கோணதாஹீ நாஹீ, காஹீ. இவற்றை அடையாளம் கண்டு வட்டம் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு மொழியே தேவையில்லை.

நமக்குப் புதிதல்ல

கிரேக்கமும் ஐரோப்பாவும் சொன்னதால் இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டு நியாய சாஸ்திரத்தில் ஐந்து உறுப்புகள் கொண்ட வாதம் இருக்கிறது. மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை தெரிகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பதற்கு அடுக்களையே சாட்சி என்று அந்த வாதம் போகும்.

இதே புகையும் அடுக்களையும் நம் மணிமேகலைக் காப்பியத்தில் வருகின்றன. காஞ்சி நகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கும் இடம் அது. எது சரியான வாதம், எது போலி வாதம் என்று வகை வகையாகப் பிரித்துச் சொல்கிறார். வாதத்தை ஒரு பெண்ணுக்குப் பாடமாகச் சொல்லிய தமிழ் இது. இன்று பரீட்சைக்குப் போகும் பெண்பிள்ளைகள் இதைத் தாராளமாக எண்ணிப் பெருமைப்படலாம்.

பரீட்சைக்கு வெளியே

"எனக்குப் பரீட்சை வயது தாண்டிவிட்டது. இது எனக்கு எதற்கு?" என்று சில அன்பர்கள் நினைக்கலாம். அவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

"ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தால் கிராஜுவிட்டி உண்டு" என்று தொழிலாளர் எல்லோருக்கும் தெரியும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். இதிலிருந்து நாமே ஒரு முடிவை எடுத்துவிடுகிறோம்: "ஐந்து வருஷம் ஆகாதவருக்குக் கிடையவே கிடையாது!"

வட்டம் போட்டுப் பாருங்கள். ஐந்து ஆண்டு முடித்தவர்கள் சிறு வட்டம். கிராஜுவிட்டி பெறுபவர்கள் பெரிய வட்டம். சிறு வட்டத்துக்கு வெளியே பெரிய வட்டத்தில் இடம் இருக்கிறதே, அங்கே யார்? வேலையில் இருக்கும்போது இறந்துபோனவர்களின் குடும்பமும், உடல் ஊனமுற்று வேலையை விட நேர்ந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்து ஆண்டு நிபந்தனை கிடையாது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்லிற்று. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த விலக்கு இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் கணவனை இழந்த ஒரு பெண், "அஞ்சு வருஷம் ஆகலியே" என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு மனுக் கொடுக்காமல் இருந்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் பணம் போய்விடுகிறது. அது ஒரு தவறான வட்டத்தின் விலை.

இன்னொன்று. திருடர்கள் இரவில் நடமாடுவார்கள். இவன் இரவில் நடமாடுகிறான். ஆகவே இவன் திருடன். இரவு ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் தொழிலாளியை இந்த வாதம்தான் வழிமறிக்கிறது. இரவில் நடமாடுபவர் என்ற பெரிய வட்டத்துக்குள் திருடன் ஒரு மூலையில் இருக்கிறான். பால்காரர், காவலாளி, ஆஸ்பத்திரி நர்ஸ், மில் தொழிலாளி எல்லோரும் வேறு மூலைகளில் இருக்கிறார்கள். ஒரே பெரிய வட்டத்துக்குள் இருப்பதால் ஒருவர் இன்னொருவராகிவிட மாட்டார்.

"அந்தப் பேட்டையில் சிலர் ரகளை செய்தார்கள், இவர் அந்தப் பேட்டைக்காரர், வீடு தர முடியாது" என்று சொல்லப்படுவதும் இதே குற்றம்தான். வெளியூரில் பிழைக்கும் நாம் இதை அனுபவித்திருக்கிறோம். நேற்று ரயிலிறங்கி வந்த வேறு மாநிலத்தானைப் பற்றி நாமே இப்படிப் பேசும்போதும் அது குற்றம்தான்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

தினம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வட்டம் வரையச் சோம்பலாக இருந்தால் மூன்று வளையல்களைத் தரையில் வைத்து நகர்த்திப் பார்க்கலாம். பழகப் பழகக் கண்ணாலேயே படம் தெரியும். இதோ மூன்று கணக்குகள்:

1. சில ஜன்னல்கள் மேகங்கள். எல்லா மேகங்களும் பானைகள். முடிவு: சில பானைகள் ஜன்னல்கள்.

2. எல்லாத் தறிகளும் படகுகள். எல்லாச் சக்கரங்களும் படகுகள். முடிவு: சில தறிகள் சக்கரங்கள்.

3. எந்தக் கடிதமும் கதவு அல்ல. எல்லாக் கதவுகளும் மரங்கள். முடிவுகள்: (அ) எந்தக் கடிதமும் மரம் அல்ல. (ஆ) சில மரங்கள் கடிதங்கள் அல்ல.

விடைகள்: முதல் கணக்கில் முடிவு பொருந்தும். மேகமாக உள்ள ஜன்னல், பானைக்குள் வந்துவிடுகிறது. இரண்டாவதில் பொருந்தாது. தறியும் சக்கரமும் படகு வட்டத்துக்குள் தனித் தனியே இருக்கலாம். இரவில் நடந்து போன தொழிலாளியின் கணக்கும் இதுவே. மூன்றாவதில் (அ) பொருந்தாது, (ஆ) பொருந்தும். கதவாக உள்ள மரங்கள் கடிதமாக இருக்க முடியாது அல்லவா?

மூன்றுக்கும் சரியாக விடை சொன்னவர்கள், விடையைத் துணியால் மூடிவிட்டு வீட்டில் உள்ள பிள்ளைக்குப் போட்டுக் காட்டலாம்.